இரண்டாம் மொழித் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒருநாள் செயலமர்வு: எந்தச் செயலி, எதற்கு?

பம்பலப்பிட்டி_டீச்சர்

வணக்கம். கொழும்பில் சிங்களமொழிப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 9 வரை இரண்டாம் தேசிய மொழியாகத் தமிழ் படிப்பிக்கும் 24 ஆசிரியர்களுக்கு ஒருநாள் செயலமர்வு. காலை 8.30 முதல் பிற்பகல் 2 மணி வரை. தேநீர், சாப்பாடு கழித்தால் நாலரை மணித்தியாலம் மிஞ்சும். இடம் ஆசிரியர் மத்திய நிலையம். 11 கணினியில் 7 வேலை செய்யும், ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர் உண்டு, வைஃபை இத்தனை பேரைத் தாங்காது. ஆசிரியர்கள் எல்லோரிடமும் அண்ட்ரொய்ட் போன் இருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்குப் போன் கொண்டுவர முடியாது. வீட்டில் அம்மா அல்லது அப்பாவின் போன்தான், அதுவும் இரவில்.

நிகழ்ச்சி நிரலில் இப்போது ஒன்பது செயலிகள்: கூகுள் ஃபோர்ம், கஹூட், குவிஸ்லெட், பட்லெட், கன்வா, வேர்ட்வோல், வட்ஸ்அப், யூடியூப், சூம். கூடிப்போய்விட்டதா? மூன்று விடயத்துக்குத் தெளிவு வேண்டும்:

பேச்சுப் பயிற்சியை வீட்டுப் போனில் எப்படிக் கொடுப்பது? பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கும் வினாத்தாள்களை ஃபோர்முக்கு எப்படிக் கொண்டுவருவது? போனே இல்லாத வகுப்பில் யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று உடனே அறிய வழி உண்டா?

மொழிப்பட்டறை

டீச்சர், ஒன்பதை இரண்டாக்குங்கள், மிஞ்சினால் மூன்று. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு செயலியைப் பார்க்கவேண்டும், அதில் தன் பாடத்துக்கு ஒன்றைச் செய்யவேண்டும், பிறகு பக்கத்திலிருப்பவர் செய்ததை மாணவராக இருந்து செய்துபார்க்கவேண்டும். கடைசிப் படியில்தான் குறைகள் வெளியே வரும்: கேள்வி விளங்காது, இணைப்புத் திறக்காது, எழுத்து உடையும். அது விடுபட்ட பயிற்சி பெரும்பாலும் சான்றிதழோடு முடிந்துவிடும். கஹூட்டுக்குப் பிள்ளைகள் கையில் கருவி வேண்டும், உங்கள் வகுப்புக்கு உதவாது. கன்வாவில் அழகான தாள் வரும், மொழி வராது. சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

பேச்சுக்கு வட்ஸ்அப் குரல்பதிவு தாராளமாகப் போதும். புதிதாக எதையும் இறக்கவேண்டியதில்லை, டேட்டாவும் அதிகம் தின்னாது. சறுக்குவது திருத்தும் இடத்தில். 36 பிள்ளைகள் ஆளுக்கு 45 விநாடி அனுப்பினால் கேட்கவே 27 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் பதில் சொன்னால் இன்னும் 36 நிமிடம். நாலு வகுப்பு எடுப்பவருக்கு இது வாரத்தில் நாலு மணித்தியாலத்தைத் தாண்டும். சில வாரத்தில் பதில் நிற்கும், பதில் நின்றால் பிள்ளைகளின் பதிவும் நிற்கும். வகுப்பை மூன்றாகப் பிரித்து வாரத்துக்கு 12 பேரை மட்டும் கேளுங்கள். அப்போது வகுப்புக்கு 21 நிமிடம்தான். மற்றவர்கள் பதிவு செய்து, தாமே கேட்டு, ஒரு பிழையைக் கொப்பியில் எழுதிவரட்டும்.

பதிலில் ஒரேயொரு பிழையை மட்டும் திருத்துங்கள். சரியான வடிவத்தை ஆசிரியர் தன் குரலில் சொல்லவேண்டும், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லி அனுப்பவேண்டும். ஐந்து பிழையை அடுக்கினால் பிள்ளை ஒன்றையும் பிடிக்காது.

இன்னொன்று, "உன் குடும்பத்தைப் பற்றிப் பேசு" என்று கேட்டால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை வாசித்து அனுப்பும். மூச்சு விடாத ஒரே சீரான ஓட்டத்திலேயே அது தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு படம் கொடுங்கள்: 138 பஸ், நடத்துனர், சில்லறை இல்லாத பயணி. "பயணி என்ன கேட்கிறார்? நடத்துனர் என்ன சொல்கிறார்?" இரண்டு பக்கமும் பேச வைத்தால் கேள்வி, மறுப்பு, எண், மரியாதை வடிவம் எல்லாம் தானாக வந்துவிடும்.

எழுத்துரு_வைத்தியர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்குறி, மேலே பூசியிருப்பது தமிழ் வடிவம். அந்த எழுத்துரு இல்லாத போனில் பூச்சுக் கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபோர்மிலும் அப்படியே. ஆகவே எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டவே கூடாது.

மாற்றும்போது இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் வேர்ட் கோப்பில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களை வெட்டி வேறாக வையுங்கள், இல்லாவிட்டால் மாற்றும் கருவி அவற்றையும் "தமிழாக்கி"விடும். மீதியைப் பொங்குதமிழ் போன்ற இணைய மாற்றியில் பாமினியைத் தெரிவு செய்து ஒட்டுங்கள். வருவதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். கண் ஏமாறும் இடங்கள் சில உண்டு. துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் "ர" தட்டியிருப்பார்கள். "ஔ" என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் தனித்தனியாக இருக்கும். "கொ" போன்றவற்றில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

இது ஏன் முக்கியமென்றால், ஃபோர்மை வினாடிவினாவாக மாற்றிக் குறுவிடைக்குச் சரியான விடை கொடுக்கும்போது, அது உள்ளே இருக்கும் குறியீட்டை ஒப்பிடுகிறது. பிள்ளை சரியாக எழுதியும் பூச்சியம் விழக்கூடும். விடைக்குப் பின்னால் தட்டிய ஒரு இடைவெளியும் அதே வேலையைச் செய்யக்கூடும். தரம் 6, 7க்குத் தட்டச்சு விடையே வேண்டாம், பலதேர்வு வையுங்கள். எழுத்துக்கூட்டலைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால் கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும். குறுவிடை வைத்தே ஆகவேண்டுமென்றால் சரியான விடையை மாற்றியிலிருந்து ஒட்டாமல் போனில் தட்டிச் சேருங்கள், பிள்ளையும் போனில்தானே தட்டுகிறது.

பாமினியில் விரல் பழகிய ஆசிரியர்களைப் புதிய விசைப்பலகை கற்கச் சொல்லி வதைக்காதீர்கள். ரெங்கநாதன் என்ற விசை அமைப்புள்ள யூனிகோட் விசைப்பலகையில் எழுத்துகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். கொம்பை முதலில் தட்டும் பழக்கம் மட்டும் சில மென்பொருளில் புள்ளிவட்டத்தைக் காட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாலாம்_பாடவேளை

மூன்றாவது கேள்விக்கு: பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளுக்கு அச்சடித்த அட்டை, ஆசிரியர் கையில் ஒரு போன், அவ்வளவுதான். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு இலக்கம், நாலு பக்கத்துக்கு ஏ, பி, சி, டி. பிள்ளை தன் விடை மேலே வருமாறு பிடிக்கும், ஆசிரியர் போன் கெமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்துவார், யார் என்ன விடை என்று பதிவாகும். எழுத்துகள் மிகச் சிறியவை என்பதால் பக்கத்தவர் பார்த்து எழுத முடியாது. சாதாரணத் தொகுதியில் 40 அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுதி. ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டை, ஆகவே 40 பேருக்கு 20 தாள்.

லமினேட் செய்யாதீர்கள். பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் கெமரா வாசிக்காது. தடித்த மட்டையில் ஒட்டினால் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைத்தாலும் வாசிக்காது, விளிம்பில் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டை இலக்கமும் இடாப்பு இலக்கமும் ஒன்றாக இருந்தால் அட்டை கொடுக்கும் நேரம் மிச்சம். மல்டிமீடியா இல்லாத வகுப்பில் கேள்வியைப் பலகையில் எழுதலாம்.

சிங்களப் பிள்ளைகளுக்குப் பேச்சு வழக்கில் லகர ளகர, னகர ணகர வேறுபாடு இல்லை. அதனால் கேட்டல் கேள்விக்கு "பனி, பணி", "கலை, களை" மாதிரிச் சோடிகளை வையுங்கள். குறிலும் நெடிலும் அவர்கள் மொழியிலும் உண்டு, அதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

பம்பலப்பிட்டி_டீச்சர்

மிக்க நன்றி எல்லோருக்கும். வட்ஸ்அப், பிளிக்கர்ஸ், ஃபோர்ம் என்று மூன்றோடு நிறுத்துகிறேன். இரண்டு சந்தேகம். உச்சரிப்பைத் திருத்தப் போனின் குரல் தட்டச்சைப் பயன்படுத்தலாம் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சரியா? கேட்டல் பகுதிக்கு கூகுள் மொழிபெயர்ப்பின் குரலைப் போடலாமா?

தெகிவளை_ஒலி

குரல் தட்டச்சால் புள்ளி போடவேண்டாம். அந்த இயந்திரம் கேட்டதை அப்படியே எழுதாது, பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகித்து எழுதும். "பள்ளிக்குப் போனேன்" என்பதைப் பிள்ளை லகரத்தில் சொன்னாலும் "பள்ளி" என்றே எழுதிப் பிழையை மூடிவிடும். தனிச் சொல்லாகக் கொடுத்தால் மறுபக்கம் சறுக்கும்: சரியாகச் சொன்ன "வாள்" கூட "வால்" என்று விழலாம். வீட்டில் தமிழ் பேச ஆளில்லாத பிள்ளைக்கு, தான் சொன்னது ஓரளவு விளங்குகிறதா என்று பார்க்க மட்டும் நல்லது. மொழித் தெரிவில் "தமிழ் (இலங்கை)" என்பதைத் தட்டச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்புக் குரலும் வேண்டாம். அது எழுத்துத் தமிழை வாசிக்கும், தொனியும் இந்தியத் தொனி. மருதானை ஸ்டேஷனில் "எத்தனை மணிக்கு வாறது?" என்று கேட்பவரை அந்தக் குரலில் பழகிய பிள்ளைக்கு விளங்காது. 24 ஆசிரியர்கள் கூடுகிறார்கள் அல்லவா? செயலமர்விலேயே ஆளுக்கு ஒரு உரையாடல் பதிவு செய்தால் 24 குரல், யாழ்ப்பாணம், மலையகம், கிழக்கு, கொழும்பு எல்லாம் கலந்து கிடைக்கும். எந்தச் செயலியும் அதைத் தராது.

பதிவு செய்யும்போது போனை விமான நிலையில் போடுங்கள், விசிறியை நிறுத்துங்கள், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே பிடித்தால் பகரம் வெடிக்கும். ஒடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஒற்றை ஒலித்தடமாக, எம்பி3 64 கிலோபிட்டில் சேமித்தால் நிமிடத்துக்கு 480 கிலோபைட். ஆரம்பத்தில் மூன்று விநாடி வெறுமை விடுங்கள், புளூடூத் ஸ்பீக்கர் பல முதல் சொல்லை விழுங்கிவிடும். ஸ்பீக்கரை மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுப்பக்கச் சுவரோரம் வையுங்கள். காலி வீதிப் பக்க வகுப்பறைகளில் வாகன இரைச்சலில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது.

ஃபோர்மில் ஒலிக்கோப்பை நேரே செருக முடியாது. யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றிச் சேர்க்கலாம், அல்லது டிரைவ் இணைப்புக் கொடுக்கலாம். டிரைவ் என்றால் பகிர்வை "இணைப்பு உள்ள எவரும்" என்று மாற்றாமல் அனுப்புவதுதான் வழமையான கோளாறு. இரவு பத்து மணிக்கு முப்பது அனுமதிக் கோரிக்கை வந்து நிற்கும். அனுப்ப முன் வேறொருவரின் போனில் திறந்துபாருங்கள்.

கொட்டாஞ்சேனை_சேர்

மொழிப்பட்டறை சொன்ன குரல்பதிவு பற்றி ஒரு எச்சரிக்கை. பதிவுகளை வகுப்புக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். குழுவில் எல்லோருடைய போன் இலக்கமும் எல்லோருக்கும் தெரியும், அதுவும் தாய்மாரின் இலக்கங்கள். ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தை நாற்பது வீடு கேட்கும், யாராவது வேறிடத்துக்கு அனுப்பவும் முடியும். குழுவில் நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று அமைத்துப் படமும் மாதிரிக் குரலும் அங்கே போடுங்கள். பிள்ளையின் பதிவு ஆசிரியருக்குத் தனியே வரட்டும், இடாப்பு இலக்கத்தைச் சொல்லித் தொடங்கட்டும். பெற்றோரின் சம்மதக் கடிதத்தை முதலே வாங்கி வையுங்கள், சிங்களத்தில். தவணை முடிந்ததும் பதிவுகளை அழியுங்கள்.

நேர ஒதுக்கீடு பற்றி: குரல்பதிவுக்கு 90 நிமிடம், பிளிக்கர்ஸுக்கு 60, ஃபோர்மும் எழுத்துருவும் 80. மீதி 40 நிமிடத்தை வெறுமையாக வையுங்கள், கடவுச்சொல் மறந்தவர்களுக்கே அது போய்விடும். முதல்நாள் இரவே எல்லோரையும் பிளிக்கர்ஸ் கணக்குத் திறந்து வரச் சொல்லுங்கள். 7 கணினிக்கு மூன்று நாலு பேராக இருக்கும்போது, தட்டச்சு வேகமானவர் விசைப்பலகையில் உட்காரக்கூடாது, ஆகப் பின்தங்கியவர் உட்காரவேண்டும். வைஃபையைக் கணினிகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, போன்களுக்கு நாலைந்து பேரின் ஹொட்ஸ்பொட்டைப் பங்கிடுங்கள். அந்த டேட்டாச் செலவை நிலையம் கொடுக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.