புதுப்பிப்பு: தாம்பரம் ஃபிளாட்டை விட்டுவிட்டோம்

தாம்பரம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனை விவரம் காட்டுவது) சரியாகத்தான் இருந்தது, ஆனால் பழைய பத்திரம் ஒன்றில் ஒரு வாரிசின் கையெழுத்தே இல்லை என்று வக்கீல் கண்டுபிடித்தார், பில்டரிடம் கேட்டால் "பேங்கே லோன் தருது, உங்களுக்கென்ன சார்" என்கிறார்.

அப்புறம், போன பதிவில் மத்திய அரசையும் குறை சொல்லியிருந்தேன். வீடு வாங்குவதில் டெல்லி அரசியல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது. கட்டுமானத்தில் இருக்கும் வீடு 45 லட்சத்துக்குள் இருந்தால்தான் 1 சதவீத ஜிஎஸ்டி, தாண்டினால் 5. அந்த வரம்பு 2019-இல் வைத்தது, இன்றைக்கு சென்னையில் இரண்டு படுக்கையறை வீடு அந்த விலைக்கு எங்கே இருக்கிறது? குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு வருடத்துக்கு 2 லட்சம் வரை என்பது 2014-இல் வந்தது, இன்னும் அதேதான், அதுவும் பழைய வரிமுறையில் மட்டும். புதிய முறையில் அது கிடையவே கிடையாது. சம்பளக்காரன் வீடு வாங்குவது மத்திய அரசுக்கு முக்கியமாகப் படவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எதிர்க்கட்சிகளும் இதை விடாமல் கேட்பதாகத் தெரியவில்லை, அது எனக்கு இன்னும் கோபம்.

இப்போது பல்லாவரத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்க்கிறோம். மறுவிற்பனை என்பதால் ஜிஎஸ்டி இல்லை.