‘ரெக்ரூட்மென்ட்’ எங்கு வந்தாலும் ‘ஆட்சேர்ப்பு’ என்று எழுதலாமா?

கேள்வி – திருமலை மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். அரச ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். வர்த்தமானி அறிவித்தல்களில் ‘ரெக்ரூட்மென்ட்’ வரும்போதெல்லாம் ‘ஆட்சேர்ப்பு’ என்று யோசிக்காமலே எழுதிவிடுவேன். அண்மையில் கொட்டியாரக் குடா மீனவர்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றிலும் அதே பழக்கத்தில் ‘மீன் ஆட்சேர்ப்பு குறைந்துள்ளது’ என்று எழுதினேன். அச்சுப்படியை வாசித்த கிண்ணியா மீனவர் ஒருவர் அந்த வரியில் விரலை வைத்து, “படகுக்கு ஆள் கிடைக்காததையா தம்பி சொல்லியிருக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இச்சொல் துறைக்குத் துறை எப்படி மாறுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில் – கடலுயிரியல் ஆசிரியர்

மீன் இலட்சக்கணக்கில் முட்டையிட்டாலும், அவற்றிலிருந்து வெளிவரும் குடம்பிகள் எனும் இளம் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை இரை கிடைக்காமலும் பிறவற்றுக்கு இரையாகியும் அழிந்துபோக, எஞ்சியவை வளர்ந்து, வலையில் படும் பருவத்தை எட்டுவதைத்தான் எங்கள் துறையில் இச்சொல் குறிக்கிறது. ஆகவே முட்டை ஏராளமாக இருந்த ஆண்டிலும் இது குறையலாம். வட கடல்களில் ஹெரிங், கொட் மீன்பிடி ஏறி இறங்குவதற்கு, ஒவ்வோர் ஆண்டின் குஞ்சுகளிலும் எத்தனை பிழைத்தன என்பதே முதன்மைக் காரணம் என்று நோர்வே அறிஞர் யோஹான் யோர்ட் 1914 இல் எடுத்துக்காட்டினார். வலைக்கண்ணைச் சிறிதாக்கினால், மீன் வலையில் படத் தொடங்கும் வயதும் குறைந்துவிடும். இதை மீனவர்களிடம் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும்.

திருகோணமலைப் புறாத்தீவின் முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல் வரும். நீரில் மிதந்து வரும் முருகைக் குடம்பி உறுதியான பாறையில் ஒட்டிப் பிழைப்பதே அங்கு பொருள். அலையில் உருளும் உடைந்த துண்டுகளில் ஒட்டியவை நிலைப்பது அரிது. இரண்டிலும் எவரும் எதையும் சேர்ப்பதில்லை, அவை தாமாகவே வந்து சேர்கின்றன. எனவே ‘இளமீன் சேர்வு’ என்பதே என் பரிந்துரை.

பதில் – இயன்மருத்துவர்

எங்கள் துறையில் ‘சேர்ப்பு’ பொருந்தும். வெறும் வாளியைத் தூக்கும்போது தசையின் சிறிய இயக்க அலகுகள் (ஒரு நரம்புக்கலமும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்தது ஓர் அலகு) சிலவே வேலை செய்கின்றன. வாளியில் நீர் நிறைந்து பாரம் கூடக் கூட, நரம்பு மண்டலம் பெரிய அலகுகளையும் படிப்படியாக அழைத்துச் சேர்த்துக்கொள்கிறது. சுவாசக் கருவியின் உதவியோடு, ஒடுங்கிய நுரையீரல் சிற்றறைகளை மீண்டும் விரியச் செய்வதற்கும் இதே பெயர்தான்.

செவியியலில் இச்சொல்லுக்குப் பொருளே வேறு. உட்செவியின் மயிர்க்கலங்கள் பழுதடைந்தவருக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலியைச் சற்றுக் கூட்டியதும் அது தாங்க முடியாத இரைச்சலாகிவிடும். “உரத்துச் சொல்லு பிள்ளை” என்ற அம்மம்மாவே அடுத்த கணம் “ஏன் கத்துகிறாய்?” என்று முகம் சுளிப்பது இதனால்தான், பிடிவாதத்தால் அல்ல. இதற்கு ‘திடீர் ஒலிப்பெருக்கம்’ என்று எழுதி வருகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘சேர்வு’, ‘சேர்ப்பு’ என்ற வேறுபாடு மிகச் சரியானது. அந்த ஆங்கிலச் சொல்லின் பிரெஞ்சு மூலத்துக்கு ‘மீண்டும் வளர்தல்’ என்பதே பொருளாகையால், படையணியைவிட மீன்தொகையே அதன் வேருக்கு அருகில் நிற்கிறது. ஆனாலும் துண்டுப்பிரசுரத்தில் கலைச்சொல் எதற்கு? “வலையில் படும் பருவம்வரை பிழைத்து வரும் மீன்கள் குறைந்துவிட்டன” என்று எழுதினால் போதாதா?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஐயா எழுதிய வரியையே இட்டிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அதே மீனவரிடம் நாளை வாசித்துக் காட்டுவேன்.