நம்ம வீட்டு ஆளுங்க (குரூப்)

வித்யா: அப்பா ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சு, போட்டோ போடுறேன். ராஜா மாமா கொஞ்சம் பாத்து சொல்லுங்க

வித்யா: (போட்டோ)

கமலா அத்தை: என்னம்மா எழுதிருக்கு எனக்கு எழுத்தே தெரியல

கார்த்தி: கணையத்துகிட்ட சூடோசிஸ்ட் அத்தை. 9 செ.மீ.

கமலா அத்தை: கட்டியா??? ஐயோ சேகரு

முரளி சித்தப்பா: இந்த மெசேஜ் டெலிட் செய்யப்பட்டது

கார்த்தி: டெலிட் பண்ணா நாங்க பாக்கலன்னு அர்த்தமா சித்தப்பா. சேகர் சித்தப்பாவும் இந்த குரூப்லதான் இருக்காரு

முரளி சித்தப்பா: கேன்சரான்னு கேட்டேன் அதுல என்ன தப்பு

ராஜா மாமா: யாரும் பதறாதீங்க, கேன்சர் இல்ல. சூடோன்னாலே பொய், பொய்க்கட்டி. நெஜ நீர்க்கட்டின்னா உள்பக்கம் அதுக்குன்னு ஒரு செல் படலம் இருக்கும், இதுக்கு அது கெடையாது. மச்சானுக்கு கணையம் வீங்குச்சுல்ல, அப்ப உள்ள இருக்குற குழாய் எங்கயோ கிழிஞ்சு கணையநீர் வெளிய கசிஞ்சிருக்கு, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் கிட்ட சொரக்குற நீரு, போக வழி இல்லன்னா பக்கத்துல தேங்கத்தான செய்யும், தேங்குனத சுத்தி ஒடம்பே நாரால ஒரு சுவர் எழுப்பிருச்சு அவ்ளோதான் விஷயம். 20 வருஷம் ஸ்கேன் ரூம்ல நின்னவன் சொல்றேன், படத்த பாத்தா சுவர் ஒரே சீரா இருக்கு

கார்த்தி: மாமா மூச்சு விட்டுக்கங்க

கமலா அத்தை: கேன்சர் இல்லல்ல

ராஜா மாமா: இல்லக்கா

கமலா அத்தை: அப்ப சரி. குரூப் போட்டோவ யாரு மாத்துனா? என் முகம் பாதி வெட்டிருக்கு

கார்த்தி: நான் இல்ல

முரளி சித்தப்பா: அண்ணன் படுத்து 7 வாரம் ஆச்சு, இவ்ளோ நாள் என்ன பண்ணாங்க அங்க? மொத ஸ்கேன்லயே நீர் இருக்குன்னுதான சொன்னாங்க

ராஜா மாமா: நல்ல கேள்வி முரளி. காத்திருந்ததுதான் வைத்தியமே. சுவர் முத்த 4 வாரமாவது ஆகும். அதுக்கு முன்னாடி வெறும் நீர்த்தேக்கம், கணைய வீக்கத்த டாக்டருங்க வகை பிரிக்கிற அட்லான்டா வகைப்பாடு, 2012ல திருத்துனது, அதுல 4 வாரத்துக்கு முன்ன இருந்தா இந்த பேரே வைக்க மாட்டாங்க. ஈரம் காயாத மண் சுவத்துல குழாய் சொருகுனா நிக்குமா? இடிஞ்சு எல்லாம் வயித்துக்குள்ள பரவிடும். நெறைய பேருக்கு அந்த காத்திருப்புலயே தானா வத்திரும், மச்சானுக்கு வத்தல

வித்யா: டாக்டரும் அதேதான் சொன்னாங்க. ஆனா இப்ப 2 ஸ்பூன் உள்ள போறதுக்குள்ள போதும்னு கைய காட்டிடறாரு. நேத்து மூணு தடவ வாந்தி. படுத்தா மேல்வயிறு மேடு தட்டி சட்டை பட்டன் போட முடியல

ராஜா மாமா: அதான் முக்கியம்மா. முன்னாடி 6 செ.மீ. 6 வாரம்னு ஒரு கணக்கு இருந்துச்சு, தாண்டிட்டா கத்திய எடுத்துருவாங்க. இப்பல்லாம் அளவ மட்டும் பாத்து கை வைக்கிறதில்ல, பெருசா இருந்தும் தொந்தரவு இல்லாம நடமாடுறவங்க இருக்காங்க. இது இரைப்பைய அமுக்கி வழிய மறிக்குது, அதனால வடிச்சுதான் ஆகணும்

கமலா அத்தை: (ஃபார்வர்ட் செய்யப்பட்டது) ஒரே இலையில் வயிற்றுக்கட்டி கரையும் அதிசயம்!! 10 பேருக்கு அனுப்பவும்

கார்த்தி: அத்தை ப்ளீஸ்

ராஜா மாமா: வேணாம்கா. எண்ணெய் போட்டு வயித்த நீவி விடுறேன்னும் யாரும் போயிடாதீங்க, வெடிச்சா ஆபத்து

கமலா அத்தை: அனுப்புனது ஒரு தப்பா. நான் எதுவும் பேசல

முரளி சித்தப்பா: எல்லாம் அந்த காலத்துல போட்ட ஆட்டம்தான். குடிக்காத குடிக்காதன்னு தலபாடா அடிச்சுகிட்டேன். அதுக்குதான மூஞ்சி குடுத்து பேசறத விட்டாரு

வித்யா: சித்தப்பா அப்பா விட்டு 11 வருஷம் ஆச்சு. இது பித்தப்பைக் கல்லால வந்தது, மொத நாளே ஸ்கேன்ல தெரிஞ்சு இதே குரூப்ல போட்டேன். யாரும் படிக்கல

கார்த்தி: நான் படிச்சேன்

வித்யா: நீ கட்டைவிரல் மட்டும் போட்ட

ராஜா மாமா: ஆமா முரளி, கல்லு நழுவி வந்து கணையக் குழாயும் பித்தக் குழாயும் சேர்ற வாய்ல அடைச்சாலே போதும், கணையம் புண்ணாயிரும். குடியும் ஒரு காரணம்தான், ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு 1000 தாண்டி ஏறுனாலும் வரும், சைக்கிள் ஹேண்டில்பார் வயித்துல குத்தி சின்ன பசங்களுக்கு கூட வருது. மச்சானுக்கு கல்லு. இது அடங்குனதும் பித்தப்பைய எடுத்தாகணும் இல்லன்னா திரும்ப வரும்

முரளி சித்தப்பா: ம்

வித்யா: வியாழக்கிழமை எண்டோஸ்கோப்பி வழியா பண்றாங்களாம். நாளைக்கு ஒரு எம்ஆர்ஐ. சிடி எடுத்தாச்சே திரும்ப எதுக்குன்னு அம்மா கோவப்படுறா

ராஜா மாமா: எடுக்கட்டும். உள்ள வெறும் தண்ணியா இல்ல செத்த திசு துண்டு துண்டா கெடக்கான்னு எம்ஆர்ஐலதான் தெளிவா தெரியும். துண்டு கெடந்தா அதுக்கு பேரே வேற, வேலையும் கூட. தண்ணின்னா சுலபம். வாய் வழியா டியூப் விடுவாங்க, அதோட நுனியிலயே அல்ட்ராசவுண்ட் இருக்கும், ரத்தக்குழாய் எங்க ஓடுதுன்னு பாத்து தவிர்த்துட்டு இரைப்பையோட பின்சுவர்ல ஓட்டை போட்டு கட்டிக்குள்ள போயிருவாங்க, நடுவுல ஸ்டென்ட்னு ஒரு குட்டி குழாய் வைப்பாங்க. உலோக ஸ்டென்ட் பாக்க உடுக்கை மாதிரி இருக்கும் நடு ஒடுங்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு, பிளாஸ்டிக்னா ரெண்டு முனையும் பன்னி வாலாட்டம் சுருண்டிருக்கும். நீர் இரைப்பைக்குள்ளயே வடிஞ்சிரும், வெளிய ஒரு கீறல் கூட இருக்காது

கார்த்தி: உடுக்கையா 😂 சித்தப்பா வயித்துல

வித்யா: அத எப்ப எடுப்பாங்க மாமா

ராஜா மாமா: உலோகம்னா பெரும்பாலும் 3, 4 வாரத்துல. கட்டி சுருங்குனப்புறம் உள்ளயே விட்டா ஒரசி ரத்தம் கசியலாம். டிஸ்சார்ஜ் அன்னிக்கே தேதி எழுதி வாங்கிரு, மறந்துடுவீங்க உங்க வீட்டு ஆளுங்க

கமலா அத்தை: எங்க வீட்டு ஆளுங்கன்னா?

ராஜா மாமா: பொதுவா சொன்னேன்கா

வித்யா: வியாழன் வரைக்கும் எத கவனிக்கணும்

ராஜா மாமா: குளிர் ஜுரம், திடீர்னு வலி கூடறது, ரத்த வாந்தி, மலம் கறுப்பா போறது, தலசுத்தி விழறது, கண்ணு மஞ்சளாகறது. எது வந்தாலும் குரூப்ல கேக்காத, நேரா எமர்ஜென்சி

கார்த்தி: வியாழன் ராத்திரி யாரு கூட இருக்கா? எனக்கு நைட் ஷிப்ட். கேட்டு பாக்குறேன் ஆனா கஷ்டம்

கமலா அத்தை: நான் இருப்பேன் முட்டி வலிதான்

முரளி சித்தப்பா: நான் இருக்கேன்

வித்யா: சித்தப்பா அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்

முரளி சித்தப்பா: கேளு

சேகர்: ரிப்போர்ட்ல வயசு 61ன்னு போட்டுருக்கான். எனக்கு 58

கார்த்தி: சித்தப்பா முழிச்சிருக்கீங்களா!!

சேகர்: உடுக்கை சத்தத்துல எங்க தூங்குறது

முரளி சித்தப்பா: அண்ணே வியாழன் நான் வரவா

கார்த்தி: ரெண்டு டிக்கும் நீலம் ஆயிருச்சு

வித்யா: பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. போன் சார்ஜர் எங்கன்னு கேக்குறாரு, பழைய சின்ன பின்னு, இங்க யாருகிட்டயும் இல்ல

முரளி சித்தப்பா: என்கிட்ட இருக்கு

கமலா அத்தை: எல்லாம் சரி தம்பி, பொய்க்கட்டின்னா நெஜமா உள்ள கட்டி இருக்கா இல்லையா

கார்த்தி: ஐயோ அத்தை. ராஜா மாமா டைப்பிங்னு காட்டுது