பழைய எம்.ஜி.பி-யா, ஹோண்டா சிட்டியா? நாகர்கோவில் – மார்த்தாண்டம் ஓட்டத்துக்கு

கேள்வி: 1968 எம்.ஜி.பி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், திறந்த மேல்கூரை) ஒன்று விலைக்கு வந்திருக்கு. வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா, இல்லை 1.5 பெட்ரோல் சிட்டியே போதுமா?

தக்கலை ஒர்க்‌ஷாப்: வேகத்துக்காக என்றால் வேண்டாம் அண்ணே. எம்.ஜி.பி 1798 சிசி, சுமார் 95 குதிரைத்திறன்; சிட்டி 1498 சிசியில் 121 பி.எஸ் (சுமார் 119 குதிரைத்திறன்). ஏ.பி.எஸ், ஏர்பேக் எதுவும் எம்.ஜி.பி-யில் கிடையாது. ஆனா ஸ்டீயரிங்கில் ரோடு கையில் பேசும், அது சிட்டியில் கிடைக்காது.

கொளத்துக்காரன்: குளச்சல், முட்டம் பக்கம் நின்ற வண்டியா என்று முதலில் கேளுங்க. உப்புக்காற்று கதவுக்குக் கீழே நீளமா ஓடும் இரும்புச் சட்டமான சில்லைத்தான் (sill) தின்னும். மேல்கூரை இல்லாத வண்டியில் பாடியைத் தாங்குவதே அந்த சில்தான். சில்லுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் உள்ளே துரு. பெயின்ட் பளபளப்பை நம்பாதீங்க.

தக்கலை ஒர்க்‌ஷாப்: இன்னொன்று, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை இளக்கிவிடும். எல்லாவற்றையும் வைட்டான் (பெட்ரோல், எத்தனால் தாங்கும் ரப்பர்) ஹோஸா மாற்றணும். ஈயமில்லாத பெட்ரோலுக்கு கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் (புகை வெளியேறும் வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்) போட்டிருக்கா என்று பாருங்க. போடலைன்னா சீட் தேய்ந்து டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) குறைஞ்சுகிட்டே வரும், 0.38 மி.மீ. இருக்கணும். மார்த்தாண்டம் நெரிசலில் சூடேறி கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும், வண்டி இழுக்காது.

கொளத்துக்காரன்: ஒரே காருன்னா சிட்டிதான். ரெண்டாவது ஷெட் கிடைச்சா எம்.ஜி.பி-யை விடாதீங்க.