நோய்வாரி நிதியா, மொத்த அமைப்புக்கா?

வரப்பு: ஏழை நாடுகளுக்கு வெளியிலிருந்து "சுகாதார அமைப்பை வலுப்படுத்த" என்று கொடுக்கிற பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் ஒருவரும் கை காட்டுவதில்லை. ஒரு நோய்க்கென்றே தனியாகக் கொடுக்கிற நோய்வாரி நிதியில் இத்தனை பேருக்கு எச்ஐவி மாத்திரை, இத்தனை கொசுவலை என்று எண்ணிவிடலாம். 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்களே, அதுவும் ஒற்றை நோயைக் குறிவைத்த வேலைதான்.

நடுமுள்: மாத்திரையை எண்ணலாம், சரி. காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியைப் பாருங்கள். காசநோய்த் திட்டம் நான்கு மாட்யூல், அதாவது தனித்தனியாகச் சோதிக்கும் நான்கு பகுதிகள் கொண்ட கருவியை வாங்கிக் கொடுக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும், அருமை. ஆனால் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, அதற்கு ஏசி. பரிசோதனை நடுவில் கரண்ட் போனால் உள்ளே சளி மாதிரி இருக்கும் கார்ட்ரிட்ஜ் வீண், அதற்கு பேட்டரி. ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தம் வேறு. கொள்முதல் பட்டியலில் இவை விடுபட்டால், ஒரு மாட்யூல் பழுதாகும்போது கால்வாசித் திறன் போகும். நான்கும் போனபின் மேலே துணி போர்த்தி வைப்பார்கள். வாங்கிய கணக்கில் மட்டும் அது "ஒரு கருவி".

வரப்பு: அது ஒப்பந்தம் எழுதியவர் செய்த பிழை. பராமரிப்பையும் விலையோடு சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். ஒற்றை நோய்க்கான வேலை மற்றதற்கும் உதவும்: 2014இல் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு எபோலா வந்தபோது கைகொடுத்தது போலியோவுக்காக அமைத்த அவசரகால மையத்தின் ஆட்களும் முறையும்தான். நைஜீரியா முழுக்க 20 பேருக்குத் தொற்றியதோடு நின்றது.

நடுமுள்: லாகோஸில் எபோலாவைக் கண்டுபிடிக்க ஆய்வகம் இருந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கினி, லைபீரியா, சியரா லியோனுக்கும் எச்ஐவி, மலேரியா நிதி போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே எபோலாவில் இறந்தவர்கள் 11,000க்கு மேல்.

தராசு: சம்பளத்தை இருவருமே தொடவில்லை. நோய்வாரித் திட்டம் சம்பளத்துக்கு மேல் கூடுதல் படி கொடுத்தால் பிரசவ அறை நர்ஸ் அந்தப் பக்கம் போய்விடுவார், இங்கே இரவுப் பணிக்கு ஆள் இருக்காது. இருக்கிறவரும் ஒரே குழந்தையைத் தடுப்பூசி ஏடு, ஊட்டச்சத்து ஏடு, மலேரியா ஏடு என்று மூன்று முறை எழுதுவார். கட்டத்தை நிரப்பவே பொழுது போய்விடும்.

வரப்பு: சம்பளம் அந்தந்த அரசின் பொறுப்பு. 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்றார்கள். பெரும்பாலான நாடுகள் எட்டவில்லை. அமைப்புக்கென்று பணம் கொடுத்தால் நிதியமைச்சகம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும்.

நடுமுள்: குறைக்கும்தான், மறுக்கவில்லை. அதனால் பணியிடத்தை முதல் நாளே அரசு ஊதிய விகிதத்தில் உருவாக்கட்டும். நிதி தருபவர் முதலாண்டு முழுச் சம்பளமும் கொடுத்து, ஆண்டுதோறும் கால் பங்கு குறைத்துக்கொள்ளட்டும். அரசு தன் பங்கைப் போடாத ஆண்டில் அடுத்த தவணை கிடையாது.

வரப்பு: தவணை நின்ற மாதம் மாத்திரை யார் கொடுப்பது?

நடுமுள்: மருந்துக்குத் தனி ஒப்பந்தம். சம்பளத் தவணையோடு அதை முடிச்சுப் போடக் கூடாது.