‘டு’வுக்குப் பின்னால் என்ன வரும்? வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

ஆம்பூரிலிருந்து, தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்பவர்:

2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் எனக்கு இது எல்லாமே வட ஆற்காடுதான். இங்கே ஆங்கிலம் பெருமைக்கு அல்ல, பிழைப்புக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளில் வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, மெயில் எழுதியாக வேண்டும். வேலூரில் வைத்தியத்துக்கு வருகிற வங்காள, அசாம் ஆட்களிடம் இந்தி கைவிட்டால் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். அதில் ‘டு’ என்கிற சின்னச் சொல் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வருவதாக இருந்தது. ‘வீ ஆர் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று மெயில் தயார் செய்தேன். மேலதிகாரி ‘மீட்’டை அடித்து ‘மீட்டிங்’ என்று எழுதினார். ‘டு’வுக்கு அடுத்து வினை அப்படியே வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம், ‘வான்ட் டு மீட்’ என்றுதானே எழுதுகிறோம் என்று கேட்டேன். “அது அப்படித்தான்” என்றார். அவருக்கும் காரணம் தெரியாது. அடுத்த வாரம் பயத்தில் ‘வீ ஹோப் டு ஷிப்பிங்’ என்று எழுதி, அதற்கும் திருத்தம் வாங்கினேன்.

பல மாதம் கழித்து, அக்கா மகனுக்கு வேற்றுமை உருபு சொல்லிக்கொடுக்கும்போதுதான் விளங்கியது. ‘பொங்கலுக்குக் காத்திருக்கிறேன்.’ பொங்கல் ஒரு பெயர், அதோடு ‘கு’. ஆங்கிலத்தில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு பொங்கல்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அதாவது அந்த ‘டு’ நம் ‘கு’ போல ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கிறது. அந்த இடத்தில் வினையை வைக்க வேண்டும் என்றால் அதைப் பெயராக்கித்தான் வைக்க முடியும். நாம் ‘சந்திப்பது’ என்று தொழிற்பெயராக்கி ‘சந்திப்பதற்கு’ என்கிறோம். அவர்கள் ‘மீட்டிங்’ என்கிறார்கள். ஆனால் ‘வான்ட் டு பொங்கல்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே இருப்பது வேறு ‘டு’. அது வினையோடு ஒட்டிய எச்சத்தின் அடையாளம், நம் ‘சந்திக்க’ என்பதில் உள்ள ‘அ’ போல.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் அர்த்தமே மாறிவிடும். தோல் பதனிடும் இடத்து வாடை பழகிவிட்டதா என்று பையர் கேட்டார். ‘ஐ யூஸ்டு டு லிவ் நியர் தி டேனரி’ என்றேன். பக்கத்திலேயே வசித்துப் பழகிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். இப்போது எங்கே குடிபோயிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். முன்பு அங்கே இருந்தேன், இப்போது இல்லை என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. ‘ஐ ஆம் யூஸ்டு டு லிவிங்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ‘வாடைக்குப் பழகிவிட்டேன்’ என்பதில் ‘கு’ இருக்கிறதல்லவா, அந்த ‘டு’தான் இது.

வேலூரிலிருந்து, செவிலியர்:

அண்ணா, எங்கள் வேலையில் இது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரையை மூன்று நாளாக விட்டுவிட்டார். நோட்ஸில் ‘பேஷன்ட் ஸ்டாப்டு டு டேக் தி டேப்லெட்’ என்று எழுதினேன். சீனியர் சிஸ்டர் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “நீ எழுதினதைப் பார்த்தால், நடந்து போனவர் மாத்திரை போட நின்றார் என்று அர்த்தம். டாக்டர் அவசரத்தில் படித்தால் போட்டுக்கொண்டார் என்றே நினைப்பார்” என்றார். ‘ஸ்டாப்டு டேக்கிங்’ என்று திருத்தினேன். அன்றிலிருந்து தமிழில் நினைத்துப் பார்க்காமல் இந்தச் சொல்லை எழுதுவதில்லை. ‘போடுவதை நிறுத்தினார்’ என்றால் ‘இங்’. ‘போட நின்றார்’ என்றால் ‘டு’.

‘ஃபர்கெட்’டும் அதே கதைதான். ‘போட மறந்துவிட்டார்’ என்றால் ‘ஃபர்காட் டு டேக்’. ‘போட்டதை மறந்துவிட்டார்’ என்றால் ‘ஃபர்காட் டேக்கிங்’. முதலாமவர் ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டவர். இரண்டாமவர் அதே மாத்திரையை மறுபடி எடுத்து வாயில் போடக்கூடியவர். வயதானவர்களின் வார்டில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது. ‘ரிமெம்பர்’ வந்தாலும் இப்படித்தான்: ‘டு’ வந்தால் இனி செய்ய வேண்டியது, ‘இங்’ வந்தால் ஏற்கெனவே செய்தது.

குடியாத்தத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

தம்பி சொன்ன பொங்கல் சோதனை அருமை. முப்பது வருடம் வகுப்பில் நானும் ஏறக்குறைய இதைத்தான் செய்தேன்: ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயரை வைத்துப் பார், பொருந்தினால் வினைக்கு ‘இங்’ போடு. ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’, ‘வித் எ வியூ டு’, ‘இன் அடிஷன் டு’ எல்லாம் இந்தச் சோதனையில் சரியாக விழும்.

ஆனால் அதில் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘அக்ரீ’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வீ அக்ரீ டு தி ப்ரைஸ்’ சரி, பெயர் பொருந்துகிறது. அதை நம்பி ‘அக்ரீ டு பேயிங்’ என்று எழுதினால் பெரும்பாலும் இடறும். ‘அக்ரீ டு பே’ என்பதுதான் வழக்கம். ‘கம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘கேம் டு வேலூர்’ என்றால் இடம். ‘கேம் டு சீ தி டாக்டர்’ என்றால் நோக்கம், அங்கே எச்சம்தான். நாம் ‘டாக்டரைப் பார்ப்பதற்காக வந்தேன்’ என்று நினைத்துக்கொண்டு ‘கேம் ஃபார் சீயிங்’ என்று எழுதிவிடுகிறோம். ‘பார்க்க வந்தேன்’ என்று நினைத்தால் ஆங்கிலமும் நேராக வரும்.

மற்ற முன்னிடைச்சொற்களில் (ப்ரெபொசிஷன்) இந்தச் சிக்கல் இல்லை. ஆஃப், இன், ஆன், ஃப்ரம், வித்தவுட் எது வந்தாலும் அடுத்து வருகிற வினை ‘இங்’கோடுதான்: ‘கேப்பபிள் ஆஃப் டூயிங்’, ‘இன்சிஸ்ட் ஆன் பேயிங்’, ‘ப்ரிவென்ட் ஃப்ரம் ஃபாலிங்’. ‘பட்’, ‘எக்செப்ட்’ போன்ற சில மட்டும் சில இடங்களில் விலகி நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. இரண்டு ‘டு’வும் ஒரே வேரில் வந்தவை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘குடிக்க’ என்பதற்கு ‘டோ டிரின்கன்னே’ என்பார்கள். அந்த ‘டோ’ முழுமையான முன்னிடைச்சொல். வினைக்கும் பெயரைப் போல நான்காம் வேற்றுமை ஈறு உண்டு. நம் ‘குடிப்பதற்கு’ மாதிரியேதான். பிற்பாடு ஈறு தேய்ந்து போனது, ‘டு’ மட்டும் வினையின் முன்னால் தங்கிவிட்டது. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

காட்பாடியிலிருந்து, கல்லூரி மாணவி:

கேம்பஸ் இன்டர்வியூவில் ‘இன்ட்ரஸ்டட் டு வொர்க்’ என்று சொல்லாதே, ‘இன்ட்ரஸ்டட் இன் வொர்க்கிங்’ என்று சொல் என்று என் சீனியர் அக்கா திருத்தினார். ஆனால் ‘இன்ட்ரஸ்டட் டு நோ’, ‘இன்ட்ரஸ்டட் டு ஹியர்’ என்றும் படித்திருக்கிறேனே ஐயா?

குடியாத்தத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

இரண்டும் சரிதானம்மா. ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளும் ஆவலுக்கு ‘டு’ வரும். ஒரு வேலையில், ஒரு துறையில் ஈடுபாடு என்றால் ‘இன்’. உங்கள் அக்கா சொன்னதையே இன்டர்வியூவில் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து, லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவர்:

நான் பெரிய படிப்பு படிக்கவில்லை. வெளி மாநில நோயாளிகளின் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குகிற லாட்ஜில் வேலை. ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

அசாமிலிருந்து ஓர் அம்மா. கணவர் ஐசியூவில். ராத்திரி பதினொரு மணிக்குப் படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தார். பேச ஆள் இருக்கிறார்களா என்று கேட்கத்தான் நினைத்தேன். ‘டூ யூ ஹாவ் எனிஒன் டு டாக்?’ என்றேன். “யெஸ், என் தம்பி நாளைக்கு வருகிறான், அவன் டாக்டரிடம் பேசுவான்” என்றார். அவருக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறாரா என்று நான் கேட்டதாக எடுத்துக்கொண்டார். அவர் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் என்றால் ‘எனிஒன் டு டாக் டு’ என்று கடைசியில் இன்னொரு ‘டு’ வேண்டும். தமிழில் ‘பேச ஆள்’ என்ற இரண்டு சொல்லில் இரண்டு அர்த்தமும் அடங்கிவிடுகிறது. உருபே தேவைப்படுவதில்லை. ‘உட்கார நாற்காலி’, ‘எழுத பேனா’ என்கிறோம். அவர்களுக்கு ‘சேர் டு சிட் ஆன்’, ‘பென் டு ரைட் வித்’ என்று அந்த வால் வேண்டியிருக்கிறது. ‘ப்ளேஸ் டு ஸ்டே’ என்பதில் மட்டும் வால் இல்லாமலே எல்லோரும் பேசுகிறார்கள், லாட்ஜில் தினமும் கேட்கிறேன்.

அப்புறம் சரியாகக் கேட்டேன். அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசினார். அவர்கள் ஊர் ஆறு, வீட்டுப் பாக்குமரம், கணவருக்குப் பிடித்த மீன் என்று. ஆங்கிலம் பாதி, இந்தி பாதி. எனக்குப் புரிந்தது அதில் பாதி.

இப்போது ஒவ்வோர் அறையிலும் வங்காள மொழி அறிவிப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ஒட்டியிருக்கிறோம்: ‘இஃப் யூ நீட் சம்ஒன் டு டாக் டு, ரிங் ரிசப்ஷன்.’ கடைசி ‘டு’ விடுபடாமல் இருக்கிறதா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு முறை பார்த்தேன்.