18-0-18 ட்ரான்ஸ்ஃபார்மருக்கு 25 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்குமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, எல்எம்3886 ஆம்ப் ஐசி வச்சு ஸ்டீரியோ ஆம்ப் பண்ணிட்டு இருக்கேன், ட்ரான்ஸ்ஃபார்மர் 18-0-18 (நடு முனையிலிருந்து ரெண்டு பக்கமும் 18 வோல்ட் ஏசி). ஃபில்டருக்கு 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் நாலு கையில இருக்கு, 18க்கு 25 தாராளம்னு நினைச்சேன், தெரிஞ்சவர் ஒருத்தர் வேணாங்கிறார். இன்புட் கப்ளிங் கெப்பாசிட்டருக்கும் (சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கிறது) அதே வோல்டேஜ்தான் பாக்கணுமா? ரேட்டிங் ஓவரா போட்டா சவுண்ட் டல்லாயிடும்னு வேற படிச்சேன்.

பதில் 1:
ப்ரோ அந்த 25ஐ தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. 18ங்கிறது ஆர்எம்எஸ் (ஏசியோட உச்சம் இல்ல, பயன் அளவு), பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குற டயோட் செட்) தாண்டினதும் கெப்பாசிட்டர் பீக் அதாவது உச்சம் வரைக்கும் ஏறும், 18ஐ 1.414ஆல பெருக்குனா 25.4, டயோட்ல 0.7 போனாலும் 24.7, அதுவே விளிம்புல நிக்குது. அந்த 18கூட ஃபுல் லோட்லதான். என்கிட்ட இருக்குற 18-0-18ஐ லோடு இல்லாம மீட்டர்ல பாத்தப்ப 20.3 காட்டுச்சு, ரெயில்ல (ஆம்புக்கு போற டிசி லைன்) 28 வந்துது, மெயின்ஸ் 10 சதவீதம் ஏறுனா 31 ஆயிடும். 35 ஓகேதான், ஆனா 50 போட்டா நிம்மதி. முன்னாடி நான் இப்படித்தான் 25 போட்டு, கொஞ்ச நாள்ல தலைப்பக்கம் உப்பி, பிரஷர் வெளிய போக போட்டிருக்குற சிலுவைக் கோடு லேசா பிளந்து பழுப்பா கசிஞ்சிருந்துச்சு.

பதில் 2:
டல்லாகும்ங்கிறதெல்லாம் கிடையாது. ரேட்டிங் கூடினா டப்பாதான் பெருசாகும், போர்டுல இடமும் கால் இடைவெளியும் பாத்து வாங்குங்க. இன்புட்ல டிசி கிட்டத்தட்ட ஜீரோ, 1 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் ஃபிலிம் போடுங்க, 63ங்கிறது சர்க்யூட் கேக்குறதால இல்ல, ஃபிலிம் அந்த ரேட்டிங்ல சுலபமா கிடைக்கும். எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் சிக்னல் பாதையில வேணாம், வோல்டேஜுக்கு ஏத்தமாதிரி அதோட மதிப்பே மாறும், தட்டுனா சத்தம்கூட வரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இப்பதான் அளந்தேன், ரெயில்ல 27.8 வருது, 50 வோல்ட்டே வாங்கிடுறேன். ஃபீட்பேக்ல (அவுட்புட்ல இருந்து ஐசி இன்புட்டுக்கு திரும்புற பாதை) தரைக்கு போற 22 மைக்ரோஃபாரட்டுக்கு என்ன போடலாம்?

பதில் 1:
அதுல சாதாரணமா சில மில்லிவோல்ட்தான் இருக்கும், ஆனா ஐசி பழுதாகி அவுட்புட் ரெயில்ல ஒட்டிக்கிச்சுன்னா அதுவும் 28 வரை ஏறும், ப்ளஸ்ஸா மைனஸான்னும் சொல்ல முடியாது. அதனால 50 வோல்ட் பைபோலார் (ப்ளஸ் மைனஸ் பாக்க வேண்டாத வகை). ஒவ்வொரு ரெயிலுக்கும் 2.2 கே 1 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு குறுக்க வச்சுடுங்க, ஆஃப் பண்ணினப்புறம் சார்ஜ் இறங்கிடும். கை வைக்கிறதுக்கு முன்னாடி மீட்டர்ல ஒருதடவ பாத்துக்கோங்க.